செண்பகத்தோப்பில் கறையான் தின்ற விறகு

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. எட்டாம் வகுப்புத் தேறிய அன்று என் பெயரை அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக எழுதினேன். இரண்டு கிறிஸ்துமஸ் வரை அந்த இடத்தில் சுண்ணாம்பு பட அம்மா விடவில்லை.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பியது அரிசிக்குச் சரியாகப் போயிற்று. என் பள்ளிக்கூடத்துக்கு அம்மா விறகு சுமந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கு ஓரத்தில் இருந்த எங்கள் தெருவிலிருந்து ஏழு பெண்கள் செண்பகத்தோப்புக்குப் போவார்கள். மலையடிவாரக் காட்டில் பட்டுப்போன விறகைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, நடந்தே திரும்பி வந்து ஊருக்குள் விற்பார்கள். அம்மா அவர்களில் ஒருத்தி. என்னை ஒரு நாளும் கூட்டிப் போனதில்லை. சும்மாடு வைத்தால் தலையில் படிப்பு நிற்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். ஆனால் சிரிப்புக்காகச் சொன்னதல்ல அது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, ஆசிரியர் டிரெயினிங்கில் இடம் கிடைக்கக் காத்திருந்தேன். அப்போது சித்தியைப் பிரசவத்துக்காக சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடியற்காலையில் வலி முற்றியது. நர்சம்மா வெந்நீர் கேட்டார். ஆயா கையை விரித்தாள்.

"அடுப்பு மூட்ட விறகு இல்லம்மா. வண்டி ராஜபாளையத்துல இருந்து வரணும். நேத்தே வந்திருக்கணும்."

"ராஜபாளையத்துல இருந்தா?" என்று அம்மா கேட்டாள். "காடு இந்தப் பக்கம்லா இருக்கு?"

"குத்தகைக்காரரு அங்கல்லா இருக்காரு."

அம்மா வீட்டுக்கு ஓடி, விற்பதற்கு வைத்திருந்த கட்டைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரி அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பும் வழியில் அம்மா நல்ல குஷியில் இருந்தாள்.

"சர்க்காருக்கே நாம வெந்நீர் வச்சுக் குடுத்தாச்சு பாத்துக்கோ. தோப்புல கார்டு குடிசைக்குப் பின்னால கெடக்கே, அந்த வெறகை அள்ளிட்டு வந்தா இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வருசம் காணும். கறையானுக்குத்தான் குடுத்து வச்சிருக்கு."

"எந்த விறகு?"

அப்போதுதான் அவள் சொன்னாள். காட்டுக்குள் போகச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டை ஊருக்குள் இருக்கும் ரேஞ்சு ஆபீசில்தான் கொடுப்பார்கள். ஆபீஸ் பதினொரு மணிக்குத் திறக்கும். குமாஸ்தா உட்கார்ந்து, பேனா கிடைத்து, ஏழு பேருக்கும் எழுதி முடித்து, அதற்குப் பிறகு நடந்தால் தோப்புக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி, இரண்டரை மணி ஆகிவிடும். ஐந்து மணிக்குக் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அன்றைய சீட்டு அன்றோடு சரி. ஆகவே யாரும் சீட்டு வாங்குவதில்லை. இருட்டோடு கிளம்பிப் போய் வெயிலுக்கு முன் இறங்கிவிடுவார்கள். காட்டைக் காவல் காக்கும் கார்டு கண்ணில் பட்டால் கட்டு போய்விடும். பிடித்த கட்டுகளைக் குடிசைக்குப் பின்னால் அடுக்கி வைப்பார்கள். மேலிடத்து உத்தரவு வந்து ஏலம் விட வேண்டும். உத்தரவு வராது.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே செண்பகத்தோப்புக்கு நடந்தேன். துணைக்கு வந்த அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள். கார்டு அன்று அங்கே இல்லை. குடிசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு விறகு கிடந்தது. அடியில் மண் புற்று ஏறியிருந்தது. ஒரு கட்டையை விரலால் அழுத்தினேன். பட்டை உடைந்து விரல் உள்ளே போயிற்று. ஒருபக்கம் வெந்நீருக்கு விறகில்லாத சர்க்கார். இன்னொருபக்கம் பறித்த விறகைக் கறையானுக்குப் போடுகிற சர்க்கார். இரண்டும் ஒரே சர்க்கார் என்று யாராவது எழுதிச் சொன்னால் உடனே சரியாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதத் தெரிந்தவள் நான் இருந்தேன்.

மனு எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பொத்தாம்பொதுவாக எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் தலைமையாசிரியை வேறு எதற்கோ ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. ஆகவே யாருடைய கட்டு, என்றைக்குப் பறித்தது என்று பட்டியல் போடத் தீர்மானித்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருத்தி மாசி மகத்துக்கு மறுநாள் என்றாள். ஒருத்தி கீழத்தெருவில் சாவு விழுந்த அன்று என்றாள். இன்னொருத்திக்குத் தன் ஆடு தொலைந்த நாள்தான் கணக்கு. பள்ளிக்கூடத்துக் காலண்டரை வைத்துக்கொண்டு அவற்றையெல்லாம் தேதிகளாக மாற்றினேன். அழகான பட்டியல். பெயர், தெரு, தேதி, கட்டு. அதன் கீழே இரண்டு வேண்டுகோள். காட்டுச் சீட்டைத் தோப்புக் குடிசையிலேயே விடிந்ததும் கொடுக்க வேண்டும். கிடக்கிற விறகை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

எல்லோரையும் எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லிப் படித்துக் காட்டினேன். "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கியதும் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. அதன்பிறகு நான் படித்ததில் எவ்வளவு அவர்களுக்கு எட்டியது என்று நான் பார்க்கவில்லை. நான் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்ததும், எங்கள் எதிர்வீட்டில் இருந்த தெலுங்கு பேசுகிற அக்கா தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் வெளங்கல. ஆனா கேக்க நல்லா இருக்கு. எங்க அமுக்கணும், காட்டு."

ஏழு பேரும் கட்டைவிரலை அமுக்கினார்கள்.

ஜமாபந்திக்குப் பெரிய அதிகாரி தாலுகா கச்சேரியில் வந்து உட்கார்ந்திருந்த நாளில், ஆண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நின்று மனுவை நானே கொடுத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "இதை யார் எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். "கையெழுத்து நன்னா இருக்கு" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தார். ஒரு மாதம் வரை நான் தரையில் நடக்கவில்லை.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அந்தக் கார்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சேத்தூர்க்காரர். காக்கிச் சட்டையின் தோள்பட்டையில் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா பதறிப்போய்ப் பலகையை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பழகிய ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள். அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"பாப்பா, நீ எழுதுனது அம்புட்டும் நெசம்" என்றார் அவர். "அதான் இப்பம் சங்கடம்."

நான் விறைப்பாக நின்றேன். "நிஜத்தை எழுதினால் சங்கடம் எங்கிருந்து வரும்?"

"நான் வேற எழுதியிருக்கேன்லா."

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க என் காது சுட்டது. சீட்டில்லாமல் விறகோடு ஆள் பிடிபட்டால் பெயரை எழுதி ரேஞ்சு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பெயர் ஏறினால் அந்த வருஷம் முழுக்க அந்த ஆளுக்குச் சீட்டும் கிடையாது, காட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. ஆகவே அவர் ஒருத்தி பெயரையும் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் "கட்டைக் கீழே போட்டுவிட்டு ஆள் ஓடிவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாத விறகு. எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

"பொய்யா எழுதினீர்கள்?" என்றேன்.

"பொய் இல்லட்டி" என்று அம்மா குறுக்கே வந்தாள். "நாங்க ஓடத்தான் செஞ்சோம்."

அதுவும் எனக்குத் தெரியாத சங்கதி. கார்டு வருவது தெரிந்தால் பெண்கள் நின்றுவிடுவார்களாம். அவர் விசில் ஊதுவாராம். உடனே கட்டைக் கீழே வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நிற்கிற புளியமரம் வரைக்கும் ஏழு பேரும் ஓட வேண்டும். அவர் எழுதுவது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஓடி முடித்ததும் திரும்பி வந்து, அவருடைய பானையிலேயே தண்ணீர் குடித்துவிட்டு, வெறுந்தலையோடு வீடு திரும்புவார்கள். கால் வலிக்காரி ஒருத்திக்கு மட்டும் பாதித் தூரம் ஓடினால் போதும் என்று அவர் விட்டுக்கொடுத்திருந்தாராம்.

"இதை ஏன் என்னிடம் ஒருத்தியும் சொல்லவில்லை?"

"நீ தேதிதான கேட்ட" என்றாள் அம்மா.

நாளை மறுநாள் ரேஞ்சர் தோப்புக்கே வந்து விசாரிக்கப் போகிறார் என்று சொல்லத்தான் கார்டு வந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. போகும்போது, "அந்த வெறகை ஏலம் விடச் சொல்லி நானும் அஞ்சு மட்டம் எழுதிப் போட்டேன் பாப்பா. எடுத்து எரிக்கவும் முடியாது. ஒரு கட்டை கொறைஞ்சாலும் எங்கிட்டக் கேப்பாக" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஏழு பேரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பட்டியல் உண்மை என்றால் ஏழு பெயரும் ஏறிவிடும். காடு அடைபடும். கார்டு பொய் எழுதினார் என்று வேலையும் போகலாம். பட்டியல் பொய் என்றால் பொய் மனு கொடுத்த குற்றம் வரும். கேட்ட இரண்டும் கிடைக்காது.

எதிர்வீட்டு அக்கா சுலபமாக வழி சொன்னாள். "சின்னப் பிள்ள, தெரியாம எழுதிட்டா, நாங்க விரல் அமுக்கிட்டோம்னு சொல்லிருவோம். போச்சு."

"அது நடக்காது" என்றாள் அம்மா.

"ஏன் நடக்காது?"

"எம் மக தப்பா எழுதினான்னு என் வாயால சொல்லுததுக்கா நான் இம்புட்டு நாளும் சுமந்தேன்?"

"அப்பம் கார்டு நாயனா வேல போகட்டும்ங்கியா?" அக்காவுக்குக் கொஞ்சம் மரியாதைப்பட்ட ஆண்கள் எல்லோருமே நாயனாதான்.

"அதையும் சொல்ல மாட்டேன்."

"பின்ன என்னத்தத்தான் சொல்லுவ?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவளைச் சமாதானப்படுத்தப் போனேன். "நீ நாளைக்கு வாயத் தொறக்காத. மனு உன்னுது, சாட்சி எங்களுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

விசாரணை நாளில் நாங்கள் ஒன்பது மணிக்கே தோப்பில் இருந்தோம். ரேஞ்சர் வரவில்லை. பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. உச்சி வெயில் சாய்ந்த பிறகு ஒற்றை மாட்டு வண்டி ஒன்று புழுதியோடு வந்து நின்றது. ரேஞ்சர் இறங்கினார். மெலிந்த மனிதர். களைத்துப்போயிருந்தார். மரத்தடியில் மேஜை போட்டார்கள். என் மனுவை எடுத்து மேஜையில் விரித்தார். என் எழுத்து அங்கே கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாகப் பெருமை வரவில்லை.

"இந்த மனு நிஜம்னா கார்டு எழுதினதெல்லாம் பொய். கார்டு எழுதினது நிஜம்னா மனு பொய். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் பெயரைக் கூப்பிட்டார். எதிர்வீட்டு அக்கா முன்னால் போனாள்.

"இது உன் கைநாட்டா?"

"என்னுதுதான்."

"மாசி மாசம் பறிச்ச கட்டு உன் கட்டுதானா?"

"எப்படிச் சொல்ல எசமான்? கட்டுல பேரா எழுதியிருக்கு? எல்லாம் வெறகு மாதிரிதான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரேஞ்சர் சிரிக்கவில்லை. அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"கார்டைப் பார்த்து ஓடினியா?"

"ஓடினேன் எசமான்."

"எவ்வளவு தூரம் ஓடினே?"

"எம்புட்டு ஏலுமோ அம்புட்டு."

"அப்போ இந்தத் தேதியில கார்டு உன்கிட்டேர்ந்து கட்டைப் பறிச்சார்னு உன் மகள் எழுதியிருக்காளே. அது பொய்யா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கார்டையும் பார்க்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். அவளால் எந்தப் பக்கமும் பேச முடியாது என்று எனக்குத் தெரியும்.

நான் முன்னால் போனேன்.

"அந்தத் தேதிகளை நான் பார்த்து எழுதவில்லை" என்றேன். "கட்டு பறிபோன ஒரு நாளும் நான் இங்கே இல்லை. கேட்டதை வைத்துக் காலண்டரைப் பார்த்துப் போட்டேன். படித்துக் காட்டியதும் இவர்களுக்குப் புரிகிற பேச்சில் இல்லை. அது என் தப்பு."

"ஏட்டி!" என்றாள் அம்மா.

ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பார்க்காததை இவ்வளவு அழுத்தமா எழுதலாமோ?"

"கூடாது."

"அப்போ நீ கண்ணால பார்த்தது எது?"

அவரைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். விறகுக் குவியலை அவர் கைக்குடையின் நுனியால் குத்தினார். குடை கைப்பிடிக்குக் கிட்டே வரை இறங்கியது. இழுத்தபோது செம்மண்ணும் பூச்சியும் உதிர்ந்தன. இதை ஏன் இப்படி விட்டாய் என்று கார்டைக் கேட்டார். ஐந்து தடவை எழுதிப் போட்டேன் என்று கார்டு தரையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கடிதங்கள் யாருடைய ஆபீசுக்குப் போயிருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ரேஞ்சர் குடையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு மேலே எத்தனை மேஜைகளோ.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், "சீட்டு விஷயம் என்ன? ஆபீஸ்லதான் தினம் குடுக்கறாளே" என்றார்.

அதற்குள் அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"எசமான் இன்னைக்கு எப்பம் கெளம்புனிய?"

"ஆபீஸ் திறந்ததும் கிளம்பிட்டேன்."

"வண்டியில வந்தும் இப்பத்தான வந்திய? நாங்க சீட்டு வாங்கிட்டு நடந்து வந்தா இன்னும் செத்த நேரம் ஆகும். அதுக்குப் பொறவு மேல ஏறி, பொறுக்கி, கட்டி, அஞ்சு மணிக்குள்ள எப்படி எறங்க? எசமானுக்கே இன்னும் சோறு எறங்கலயே."

இந்தத் தடவை ரேஞ்சர் சிரித்துவிட்டார். அவருடைய தூக்குச்சட்டி வண்டியில் பிரிக்காமல் இருந்தது உண்மைதான். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பார்த்ததை மட்டும் எழுது. பெயர் வேண்டாம்."

அந்த மேஜையிலேயே நின்றபடி எழுதினேன். பத்து வரிகூட வரவில்லை. எழுதிவிட்டு, ஒவ்வொரு வரியையும் அம்மா பேசுகிற பேச்சில் சொல்லிக் காட்டினேன். கால் வலிக்காரி ஒரு இடத்தில் நிறுத்தி, "அஞ்சு மணிங்காத, பொழுது சாயன்னு போடு" என்று திருத்தினாள். போட்டேன். பழைய மனுவை ரேஞ்சர் கிழிக்கவில்லை. அதன் ஓரத்தில் "பட்டியல், மனு எழுதியவர் நேரில் கண்டதல்ல" என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, புதியதை அதன் மேல் வைத்து நூல் கோத்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவ்வளவு சின்னதாக அதை ஒருபோதும் போட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாதி வழியில், "தப்புன்னு நீயே சொல்லணுமாக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு விறகு அனுப்புவது பற்றிய பதில் அடுத்த மழைக்காலத்துக்கும் பிறகுதான் வந்தது. எரிக்கத் தகுந்த விறகு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அதற்குள் அங்கே மண்தான் இருந்தது. ராஜபாளையத்து வண்டி எப்போதும்போல வந்துகொண்டிருந்தது. அந்தப் பாதி எனக்குத் தோல்விதான்.

சீட்டு உத்தரவு மட்டும் இரண்டு மாதத்தில் வந்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தமாக, சூரிய உதயத்திலிருந்து தோப்புக் குடிசையிலேயே கார்டு கையால் கொடுக்கலாம். அதே தபாலில் அந்தக் கார்டுக்கு, விறகைக் கெடவிட்டதற்காக ஒரு மெமோவும் மாற்றல் உத்தரவும் வந்தன. போவதற்கு இரண்டு வாரம் இருந்தது. நான் வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். "சொந்த ஊருக்குப் பக்கமாத்தான் போட்டிருக்காக, விடு" என்றார். அது நிஜமா என்று நான் விசாரிக்கவில்லை.

முதல் நாள் நானும் அவர்களோடு போனேன். இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு, ஊர்ப் பாதையிலேயே, பேசிக்கொண்டே போனார்கள். கார்டு குடிசை வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் சீட்டுப் புத்தகத்தை வைத்திருந்தார். பேனாவை நாலு தடவை உதறினார். அம்மாதான் முதலில் நின்றாள்.

"பேரு என்ன ஆத்தா?" என்று கேட்டார்.

"ஏன், இம்புட்டு வருசமா தெரியாதாக்கும்?"

"தெரியும். இன்னைக்குத்தான எழுத விட்டிருக்காக."

அம்மா பெயரைச் சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினார். ஒரு எழுத்துக்குக் கால் போடாமல் விட்டுவிட்டார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தாள்.